குளிர்ச்சிக்கும் கணக்கு உண்டு

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. ஆற்றில் எறியும் பொருளுக்கே அளவு வேண்டுமென்றால், காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு அளவு வேண்டுமென்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கண்ணுக்குத் தெரியும் பொருள்களை அளந்து செலவிடுவதில் நம் இல்லத்தரசிகள் வல்லவர்கள். அரிசியை அளப்பர், எண்ணெயை அளப்பர், மின்சாரக் கட்டணத்தையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்ப்பர். ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை மட்டும் அளப்பார் அரியர். மோட்டார் காருக்குள் வீசும் குளிர்காற்றுத்தான் அது.

பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் ‘ஹைபிரிட்’ கார்கள் இன்று நம் நாட்டு வீதிகளிற் பெருகியுள்ளன. நடுத்தரக் குடும்பங்கள் பல, பெற்றோற் செலவு குறையும் என்னும் நம்பிக்கையிலேயே அவற்றை வாங்கின. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை யாரும் மறந்திரார். ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம் அது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவை எட்டியது. ஒவ்வொரு துளியின் அருமையையும் நாம் அன்று கற்றோம்.

அப்படியிருந்தும், “விற்றவர் சொன்ன தூரத்துக்கு எங்கள் கார் ஓடவில்லையே!” என்று குறைப்படுவோர் பலர். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். சாரதியின் பழக்கம் ஒன்று. சில்லுகளின் காற்றழுத்தம் ஒன்று. பற்றறியின் வயது ஒன்று. இவற்றோடு வைத்து எண்ணவேண்டிய, ஆனாற் பலரும் எண்ணிப் பாராத காரணம் குளிரூட்டி. இவ்வாரம் அதனையே ஆராய்வோம்.

எஞ்சின் உறங்கும்போது குளிரூட்டுவது யார்?

வெள்ளவத்தையிற் காலி வீதியின் நெரிசலில் ஒரு ஹைபிரிட் கார் நிற்கிறது. எஞ்சின் அணைந்துவிட்டது, ஓசையே இல்லை. உள்ளே குளிர்காற்று மட்டும் இனிதாக வீசிக்கொண்டிருக்கிறது. “எஞ்சின் ஓடவில்லை, ஆகவே இந்தக் குளிர்ச்சி நமக்கு இலவசம்” என்று உள்ளிருப்போர் எண்ணுகின்றனர். இந்த எண்ணமே பிழைகளுக்கெல்லாம் மூலமாகும்.

1997ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதலாவது டொயோட்டா பிரியஸ் காரிற் குளிரூட்டியின் அமுக்கியை எஞ்சினே வார்ப்பட்டியினாற் சுழற்றியது. எஞ்சின் நின்றால் அமுக்கியும் நின்றுவிடும். 2003ஆம் ஆண்டு வந்த இரண்டாவது பிரியஸில் இம்முறை மாறிற்று. அமுக்கியைச் சுழற்றத் தனி மின்மோட்டார் அமைக்கப்பட்டது. காரை இயக்கும் அதே பெரிய பற்றறியிலிருந்து அது மின்சாரம் பெறுகிறது. நம் நாட்டிற் பெரிதும் காணப்படும் டொயோட்டா அக்வா காரும் இவ்வகையினதே.

சரி, அந்தப் பற்றறிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? வீட்டு மின்சாரத்தில் இணைத்து ஏற்றும் வகைக் கார்களை விட்டுவிட்டால், ஏனைய ஹைபிரிட் கார்களுக்கு வழிகள் இரண்டே. ஒன்று, எஞ்சின் சுழன்று மின்சாரத்தைப் பிறப்பிப்பது. மற்றையது, பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை மீட்டெடுப்பது. ஓடும் காருக்கு அந்தச் சக்தியைக் கொடுத்ததும் பெரும்பாலும் பெற்றோலே. ஆகவே எவ்வழியாற் பார்த்தாலும், குளிர்ச்சிக்கு விலை கொடுப்பது பெற்றோற்றாங்கியே. இப்போது கொடுக்காவிட்டாலும் சற்றுப் பின்னர் கொடுக்கிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு வெளிவந்த அக்வாவின் பற்றறி 144 வோல்ற்றும் 6.5 அம்பியர் மணியும் உடையது. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.94 கிலோவாற்று மணி வரும். பற்றறியின் ஆயுளைக் காக்கும்பொருட்டு இதில் ஒரு பகுதியை மட்டுமே கார் பயன்படுத்துகிறது. அப்பகுதியை 0.4 கிலோவாற்று மணி என்று கொள்வோம். நண்பகல் வெயிலில் அமுக்கியும் விசிறியும் சேர்ந்து ஒரு கிலோவாற்று வீதம் இழுக்குமாயின், 24 நிமிடங்களில் அச்சேமிப்பு முழுவதும் தீர்ந்துபோகும். உண்மையில் அது தீருமுன்னரே எஞ்சின் விழித்துக்கொள்ளும். நெரிசலில் நிற்கும்போது யாரும் தொடாமலே எஞ்சின் உறுமத் தொடங்குவதன் மர்மம் இதுதான். ஒரு கிலோவாற்று என்பது வீட்டில் 75 வாற்று மின்விசிறிகள் 13ஐ ஒருங்கே சுழலவிடுவதற்குச் சமம்.

எல்லா ஹைபிரிட் கார்களும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். சுசுகி வகன் ஆர் போன்ற சிறிய கார்களில் மின்மோட்டார் எஞ்சினுக்குத் துணைசெய்யும் அளவினதே. அமுக்கியை எஞ்சினே சுழற்றுகிறது. சந்தியில் எஞ்சின் நின்றால் அமுக்கியும் நிற்கும். விசிறி மட்டும் வீசும். அவ்வேளையிற் குளிர்ச்சி உடனே மறைந்துவிடாதிருக்க, குளிர்ச்சியைச் சேமித்துவைக்கும் ஒரு பொருளைக் குளிராக்கும் பகுதிக்குள் வைத்திருக்கிறார்கள். இவ்வகைக் காரில் விசிறியை உச்சத்தில் வைப்போர் அச்சேமிப்பை விரைவிற் கரைத்து, எஞ்சினை விரைவில் எழுப்பிவிடுகின்றனர்.

சொட்டும் நீர் சொல்லும் பாடம்

குளிரூட்டி இயங்கும் காரின் அடியில் நீர் சொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அந்நீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்த ஈரந்தான் குளிர்ந்த குழாய்களிற் படிந்து நீராகிச் சொட்டுகிறது. ஒரு லீற்றர் நீர் இவ்வாறு ஒடுங்கும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் மறைவெப்பம் வெளிப்படும். அவ்வெப்பத்தையும் குளிரூட்டியே சுமந்து வெளியேற்றவேண்டும். நம் நாடு கடல் சூழ்ந்த ஈரநாடு. ஆதலின், நம் குளிரூட்டிகளின் உழைப்பிற் கணிசமான பங்கு காற்றைக் குளிர்விப்பதிற் செல்வதில்லை. காற்றை உலர்த்துவதிற் செல்கிறது.

உட்காற்று, வெளிக்காற்று என்னும் இரு நிலைகளின் பயன் இங்கேதான் விளங்கும். வெளிக்காற்று நிலையில், வெப்பமும் ஈரமும் நிறைந்த புதுக்காற்றைக் குளிரூட்டி ஓயாது உலர்த்திக் குளிர்விக்கவேண்டும். உட்காற்று நிலையிலோ, ஏற்கெனவே குளிர்ந்து உலர்ந்த காற்றே மீண்டும் சுழல்கிறது; உழைப்பும் செலவும் குறைகின்றன. வளைந்த அம்புக்குறி பொறித்த ஆளியின் வேலை இதுவே.

ஆனால், பயணத்தின் தொடக்கத்தில் இவ்விதி தலைகீழாகும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் வெளியிலுள்ளதைவிட 20 பாகைக்கு மேலாக உயரலாம். வெளியே 32 பாகை என்றால் உள்ளே 50ஐத் தாண்டும். அந்த நிலையில் உட்காற்றைச் சுழற்றுவது அடுப்பங்கரைக் காற்றைக் குளிர்விக்க முயல்வதை ஒக்கும். முதலிற் கதவுகளைத் திறந்து வெங்காற்றை வெளியேற விடுங்கள். பின்னர் கண்ணாடிகளை இறக்கி, விசிறியைக் கூட்டி, இருநூறு முந்நூறு மீற்றர் ஓடுங்கள். அதன்பின் கண்ணாடிகளை ஏற்றிக் குளிரூட்டியை இயக்கி, உட்காற்று நிலைக்கு மாற்றுங்கள். வேப்பமர நிழலில் நிறுத்துவதும், முன்கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதும் செலவில்லாத குளிரூட்டிகள்.

எண்ணைக் குறைத்தாற் குளிர் விரைந்து வருமா?

காரில் ஏறியதும் வெப்பநிலை எண்ணை ‘லோ’ என்னும் கடைசி நிலைக்குத் தள்ளுவோர் பலர். தானியங்கிக் குளிரூட்டியில் இதனாற் பெரும்பயன் இல்லை. உள்வெப்பம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில், 25 என்று வைத்தாலும் அமுக்கி தன் முழு வலிமையோடுதான் உழைக்கும். வேறுபாடு பின்னரே தோன்றும். 25இல் வைத்தவர் காரில் அமுக்கி இளைப்பாறத் தொடங்கும். ‘லோ’வில் வைத்தவர் காரில் அது ஓய்வின்றி உழைத்துக்கொண்டேயிருக்கும். உள்ளே பாட்டியார் சேலைத்தலைப்பாற் போர்த்திக்கொண்டு நடுங்குவார். வெளியே பெற்றோல் எரியும்.

ஆகவே, நம் நாட்டுக்கு 25 அல்லது 26 பாகை என்று வைத்து, ‘ஓட்டோ’ என்னும் ஆளியை அழுத்திவிட்டு விசிறியின் வேகத்தை அதன் அறிவுக்கே விட்டுவிடுதல் நன்று. ‘ஈக்கோ’ நிலை இருப்பின் அதனையும் பயன்படுத்தலாம். பல கார்களில் அது குளிரூட்டியின் உழைப்பையும் மட்டுப்படுத்தும். அதிகாலையிலும் அந்திப்பொழுதிலும் யாழ்ப்பாணத்துக் கடற்காற்று வீசும்போது, ‘ஏ.சி.’ ஆளியை அணைத்து, வெளிக்காற்று நிலையில் விசிறியை மட்டும் சுழலவிடுங்கள். விசிறி உண்ணும் மின்சாரம் அமுக்கி உண்பதிற் சிறு பங்கே.

கண்ணாடியைத் திறப்பது சிக்கனமா, குளிரூட்டியை இயக்குவது சிக்கனமா என்பது பழைய வழக்கு. விடை வேகத்தில் இருக்கிறது. ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது திறந்த கண்ணாடியே சிக்கனம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போதோ, திறந்த கண்ணாடிகளூடாகப் புகும் காற்று காரைப் பின்னுக்கு இழுக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வது. வேகம் இருமடங்கானால் தடை நான்கு மடங்காகும். அங்கே கண்ணாடிகளை மூடி, மட்டாகக் குளிரூட்டியை இயக்குவதே முறை.

சிக்கனமும் மூச்சும்

உட்காற்று நிலை சிக்கனமானது என்றோம். அதனை இடைவிடாது வைத்திருக்கலாமா? கூடாது. உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 15 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். நால்வர் என்றால் 60 லீற்றர். சிறிய காரினுள்ளே உள்ள காற்று முழுவதும் சுமார் 3,000 லீற்றரே. இடுக்குகள் வழியே ஓரளவு வெளியேறினும், மூடிய காரினுள் இவ்வாயு பத்து இலட்சத்திற் சில ஆயிரம் பங்கு வரை உயர்ந்துவிடும். வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பங்கே. இதன் விளைவு தலைக்கனம், சோர்வு, தூக்கம்.

கொழும்பிலிருந்து இரவிற் புறப்பட்டு, வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் உறங்குவர், தாயார் உறங்குவார், சாரதி மட்டும் விழித்திருக்கவேண்டும். அவர் கண்ணையும் அசத்துவதற்கு நீண்ட நேரான வீதியும் நள்ளிரவுமே போதும். மூச்சு முட்டிய காற்று அவற்றோடு கூட்டுச்சேரலாமா? இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் வெளிக்காற்று நிலைக்கு மாற்றுங்கள். அதற்குச் செலவாகும் பெற்றோல் அற்பம். சிக்கனம் என்பது உயிரைப் பணயம் வைப்பதன்று.

மலைநாட்டுப் புதிர்

“நுவரெலியாவில் எங்கள் காரின் எஞ்சின் நிற்கவே மாட்டேன் என்கிறது, பற்றறி பழுதாகிவிட்டதோ?” என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரின் அதிகாலைக் குளிரில், கொழும்பில் வைத்த 25 என்னும் எண் அப்படியே இருக்கிறது. கொழும்பில் “குளிர்வி” என்று பொருள்பட்ட அவ்வெண், நுவரெலியாவில் “சூடாக்கு” என்று பொருள்படுகிறது! பல ஹைபிரிட் கார்களில் இச்சூடு எஞ்சினைச் சுற்றும் வெந்நீரிலிருந்தே வருகிறது. அந்நீரைச் சூடாக வைத்திருக்க, கார் நின்றாலும் எஞ்சின் ஓடவேண்டும். எண்ணைக் கீழே இறக்கி ‘ஏ.சி.’ ஆளியையும் அணைத்தால், அல்லது கருவி முழுவதையும் அணைத்து ஒரு கம்பளிச் சட்டையை அணிந்தால், எஞ்சின் தானே ஓயும்.

மழையில் முன்கண்ணாடி மங்குவதிலும் இருவகை உண்டு. வைப்பரை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். மங்கல் அகன்றால் அது கண்ணாடியின் வெளிப்புறத்தது. கீழ்நாட்டு ஈரக்காற்று, குளிர்ந்த கண்ணாடியிற் படிந்தது. குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி, வெப்பநிலை எண்ணை உயர்த்துங்கள். அகலாவிட்டால் அது உட்புறத்தது. நம் மூச்சிலும் நனைந்த உடைகளிலும் இருந்து வந்த ஈரம். அதற்கு வெளிக்காற்று நிலையில், அமுக்கியை இயக்கி, காற்றைக் கண்ணாடிமேற் செலுத்தவேண்டும். குளிரூட்டி இங்கே காற்றை உலர்த்தும் கருவியாக நின்று பார்வையைக் காக்கிறது. ஹப்புத்தளை வளைவுகளிற் பெற்றோலை மிச்சம்பிடிக்க எண்ணி அதனை அணைப்பது பேதைமை.

பற்றறியும் மூச்சுவிடும்

அக்வா, பிரியஸ் போன்ற பல கார்களிற் பெரிய பற்றறி பின்னாசனத்தின் அடியிலோ பின்னாலோ இருக்கிறது. அதனைக் குளிர்விப்பது வேறு யாருமல்லர். நாம் இருக்கும் அறையின் காற்றே. பின்னாசனத்தின் ஓரத்தில் ஒரு சிறு காற்றுவாயிலைக் காணலாம். அதனூடாக ஒரு விசிறி உட்காற்றை இழுத்துப் பற்றறிமேற் செலுத்துகிறது. நமக்கு இதமான வெப்பநிலையே பற்றறிக்கும் இதம். சூடேறிய பற்றறி சோரும். சோர்ந்தால் எஞ்சின் அதன் சுமையையும் தாங்கும். நாளடைவிற் பற்றறியின் ஆயுளும் குறையும்.

ஆகவே, பின்னாசனத்தில் ஆள் இல்லையே என்று அங்கே மாம்பழப் பெட்டியையும் தலையணையையும் புத்தகப் பைகளையும் குவித்து அவ்வாயிலை அடைத்துவிடாதீர்கள். அங்குள்ள வலையிற் படியும் தூசியைக் காலத்துக்குக் காலம் துடைப்பியுங்கள். நண்பகல் வெயிலிற் குளிரூட்டியை அடியோடு அணைத்துவிட்டு வியர்த்து ஓடுவதும் உண்மைச் சிக்கனம் அன்று என்பது இதனால் விளங்கும். நம்மோடு பற்றறியும் வேகிறது. தூசி நிறைந்த வீதியிற் கண்ணாடிகளைத் திறந்தால், அத்தூசியையும் அதுவே உண்கிறது.

பராமரிப்பைப் பற்றி இரண்டு சொற்கள். கையுறைப் பெட்டியின் பின்னாலுள்ள காற்று வடி அடைபட்டால், விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று வராது. அதனை உரிய காலத்தில் மாற்றுங்கள். அடுத்தது முக்கியமானது. மின்சார அமுக்கிக்குள் மின்சாரம் கடத்தாத தனிவகை ஓயில் இருக்கிறது. சாதாரண காருக்கு உரிய ஓயிலைக் கலந்தால் மின்காப்புக் கெட்டு, பெருஞ்செலவு வந்து சேரும். ‘காஸ்’ நிரப்பக் கொடுக்கும்போது, ஹைபிரிட் கார் என்பதைச் சொல்லி, எந்த ஓயில் இடுகிறார்கள் என்று கேட்டறியுங்கள். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர்மின்னழுத்தம் உடையன. பயிற்சி பெறாதவர் கைவைத்தல் ஆகாது.

இதனை மறவாதீர்கள்

பணத்தைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். பணத்தினும் பெரிய ஒன்றைச் சொல்லி முடிப்போம்.

ஹைபிரிட் காரின் மௌனம் நம்மை ஏமாற்றும். ‘ரெடி’ விளக்கு எரியும் வரை கார் உயிரோடிருக்கிறது என்பதே பொருள். ஓசை இல்லையென்று அணைக்காமல் இறங்கிப் போனால், பற்றறி குறைந்ததும் எஞ்சின் தானே இயங்கத் தொடங்கும். மூடிய கராஜுக்குள் இது நிகழ்ந்தால், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு அறையை நிரப்பி, வீட்டுக்குள்ளும் பரவும். களைப்பாறவென்று மூடிய இடத்தில் குளிரூட்டியை இயக்கிவிட்டுக் காருக்குள் உறங்குவதும் இத்தகைய ஆபத்தே. இறங்குமுன் ‘ரெடி’ விளக்கு அணைந்ததா என்று கண்ணாற் பார்த்து உறுதிசெய்வது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் பழகவேண்டிய பழக்கம்.

குழந்தையை மூடிய காருக்குள் விட்டுக் கடைக்குச் செல்லும் வழக்கமும் அவ்வாறே ஒழியவேண்டும். கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் வெப்பம் குறிப்பிடத்தக்க அளவு தணியாது. அரை மணி நேரத்துக்குள்ளேயே வெப்பத்தின் பெரும்பங்கு ஏறிவிடும். “குளிரூட்டியை இயக்கிவிட்டுத்தானே போகிறோம்” என்பதும் சமாதானம் ஆகாது. ‘ரெடி’ விளக்கு எரியும் காரிற் சிறுவனின் கை எந்த ஆளியிற் படும் என்று யார் அறிவார்?

குளிர்ச்சியை அனுபவிப்பது குற்றமன்று. வெயிலில் உழைத்து வருவோர்க்கும் முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அது தேவையே. வேண்டிய அளவு குளிர்ச்சியை வேண்டிய வேளையிற் பெற்று, மிஞ்சியதை விடுவதே அறிவுடைமை. அடுத்த முறை உங்கள் காரின் அடியிற் சொட்டும் நீரைக் காணும்போது, பிள்ளைகளை அழைத்து, “இது எப்படி வந்தது? இதற்கு எவ்வளவு பெற்றோல் செலவாயிற்று?” என்று கேளுங்கள். வகுப்பறையிற் படித்த மறைவெப்பம் அவர்கள் கண்முன்னே சொட்டிக்கொண்டிருக்கும்.